வயிற்றில்தானே ஆபரேஷன், கழுத்தை ஏன் பார்க்கிறார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். பித்தப்பையில் கல் என்று லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். அதற்கு முன்பு பரிசோதிக்க வந்த மயக்க மருந்து டாக்டர் அம்மாவின் வயிற்றைத் தொடவே இல்லை. வாயைத் திறங்க, நாக்கை நீட்டுங்க, தலையைத் தூக்கி மேலே பாருங்க என்றார். அம்மாவால் அண்ணாந்து பார்க்க முடியாது. பல வருஷமாகவே அப்படித்தான். "கழுத்து பின்னால் போகவில்லை. முழிப்பாக இருக்கும்போதே குழாய் போட வேண்டி வரலாம். கழுத்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாங்க" என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார். அம்மா பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். போன வருஷம் என் சித்திக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது முன்பல் ஓரம் உடைந்துவிட்டது. ஒரு வாரம் கழுத்து வலியோடு இருந்தார். தலையைத் தப்பாக வளைத்துவிட்டார்களா? அம்மாவுக்கு முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடியாதா? வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா?

– வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடப் பரிசோதனையில் உங்கள் அம்மாவின் உடம்பில் எது சிக்கலோ அதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். அதை உங்களிடம் மறைக்காமலும் சொல்லியிருக்கிறார். அவசரமில்லாத ஆபரேஷனை இந்தக் காரணத்துக்காகச் சில நாள் தள்ளிவைப்பது நல்ல மருத்துவம்தான்.

சரி, வயிற்று ஆபரேஷனுக்குக் கழுத்து எதற்கு? லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி உப்ப வைப்பார்கள். அப்போதுதான் உள்ளே கருவிகள் நடமாட இடம் கிடைக்கும். வயிறு உப்பினால் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசைத் தடுப்பு மேலே தள்ளப்படும், நுரையீரல் விரிய இடம் குறையும். தசைகள் தளர்வதற்கும் மருந்து கொடுத்திருப்போம்; அந்த மருந்து மூச்சுத் தசைகளையும் சேர்த்தே நிறுத்திவிடும். ஆகவே ஆபரேஷன் முடியும் வரை மூச்சு, மயக்க மருந்து டாக்டர்களான எங்கள் பொறுப்பு. வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, குரல்நாண்கள் இரண்டுக்கும் நடுவே நுழைத்து, மூச்சுக்குழாயில் நிறுத்துவோம். அதற்குப் பின்னாலேயே உணவுக்குழாயின் வாய் இருக்கிறது. குழாய் அதற்குள் போய்விட்டால் காற்று வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது. எனவே குரல்நாண்களைக் கண்ணால் பார்த்து நுழைப்பதே வழக்கம்.

நேராக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வாய் முன்பக்கம் பார்க்கிறது. மூச்சுக்குழாயோ கீழ்நோக்கி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய செங்குத்தான ஒரு திருப்பம். நாங்கள் கையில் வைத்திருக்கும் லாரிங்கோஸ்கோப், தொண்டைக்குள் பார்க்க உதவும் ஓர் உலோக அலகு, அதாவது பிளேடு. 1943-ல் மாக்கின்டாஷ் என்ற மயக்கவியல் மருத்துவர் வடிவமைத்த அந்த வளைந்த அலகைத்தான் இன்றும் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். அது நாக்கை ஒதுக்கித் தூக்கும், அவ்வளவுதான். என் கண்ணிலிருந்து குரல்நாண் வரை தடையில்லாத பார்வை கிடைக்க வேண்டுமென்றால் நோயாளியின் தலையும் கழுத்தும் ஒத்துழைக்க வேண்டும். அலகை வாய்க்குள் வைக்கும் முன்பே, தலையணையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. அவசரமாக அலகை எடுப்பவர்களோடு எனக்கு இதில்தான் தகராறு.

பலரும் நினைப்பதுபோலத் தலையை அப்படியே பின்னுக்குத் தொங்கவிடுவதில்லை. இரண்டு அசைவுகள் சேர்ந்து நடக்க வேண்டும். கழுத்தின் அடிப்பகுதி மார்புப் பக்கமாகச் சற்று முன்னே வளைய வேண்டும். பாடப்புத்தகக் கணக்கில் சுமார் 35 டிகிரி. மண்டையோடும் கழுத்தும் சேரும் உச்சி மூட்டில் தலை பின்னே சாய வேண்டும். முகத்தின் தளம் சுமார் 15 டிகிரி சாயும். முதல் அசைவுக்காகத்தான் தலைக்கு அடியில் 7 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தலையணை. ஐவன் மாகில் என்ற மயக்கவியல் மருத்துவர் இதைக் காலைக் காற்றை முகர்ந்து பார்ப்பவரின் தலை நிலையோடு ஒப்பிட்டார். அதிலிருந்து ஸ்னிஃபிங் பொசிஷன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நடைமுறையில் யாரும் கோணமானி வைத்து அளப்பதில்லை. டேபிளின் பக்கவாட்டில் வந்து நின்று குனிந்து பார்ப்போம். காதுத் துளையும், கழுத்துக்குக் கீழே மார்பெலும்பின் உச்சியில் விரல் வைத்தால் தெரியுமே ஒரு பள்ளம், அதுவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? முகம் கூரைக்கு இணையாக இருக்கிறதா? இருந்தால் சரி. காது கீழே இறங்கியிருந்தால் தலைக்கு இன்னொரு துணியை மடித்து வைப்போம். உடம்பு கனமானவர்களுக்குத் தலையணை மட்டும் போதாது. தோளுக்கும் மேல்முதுகுக்கும் அடியில் போர்வைகளை மடித்து அடுக்கிச் சரிவு மாதிரி கட்ட வேண்டும். மூன்று நான்கு போர்வை ஆகும். வார்டு நர்ஸிடம் கேட்டு வாங்குவதற்குள் ஒரு பாட்டு வாங்க வேண்டியிருக்கும், அது வேறு கதை. தலைப்பக்கம் 20, 25 டிகிரி உயர்ந்திருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. மயக்கத்துக்கு முன் முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறோம் இல்லையா, நுரையீரல் நன்றாக விரிந்திருப்பதால் அது கூடுதலாகச் சேமிப்பாகும். மூச்சு நின்றபின் குழாய் போடும் வரை தாங்குவது அந்தச் சேமிப்புதான்.

கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். பின்னந்தலை பெரிதாக இருப்பதால் கழுத்து தானாகவே முன்னே வளைந்துவிடும். தலையணை வைத்தால் கெடுதல்தான், தோளுக்கு அடியில் துணிச்சுருள் வைப்போம். தொப்பூர் கணவாயில் லாரி மோதி வருகிறவர்களுக்குக் கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்ற சந்தேகம் தீரும் வரை எந்தப் பக்கமும் வளைக்க மாட்டோம். ஒருவர் இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குழாய் போடுவார். ஆக, எல்லோருக்கும் ஒரே நிலை என்பது கிடையாது.

இந்த விஷயத்தில் டாக்டர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. வாய், தொண்டை, குரல்வளை ஆகிய மூன்றின் அச்சுகளும் இந்த நிலையில் ஒரே கோட்டில் வந்துவிடும் என்று 1944-ல் பானிஸ்டரும் மக்பெத்தும் எழுதினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தலைமுறை தலைமுறையாகப் படித்தோம். 2001-ல் பிரான்சின் அட்நே குழுவினர் ஆரோக்கியமானவர்களை எம்.ஆர்.ஐ.யில் படுக்க வைத்துப் பார்த்தபோது மூன்று அச்சுகளும் ஒன்றுசேரவே இல்லை. அதே குழு 456 நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, சாதாரணக் கழுத்துள்ளவர்களுக்குத் தலையை வெறுமனே பின்னே சாய்த்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் பருமனானவர்களுக்கும் கழுத்து பின்னே சாயாதவர்களுக்கும் தலையணையோடு கூடிய பழைய நிலையே மேலாக இருந்தது. உங்கள் அம்மா அந்த இரண்டாவது வகை. அதனால்தான் இவ்வளவு விவரம் எழுதுகிறேன்.

இப்போது அம்மாவின் கழுத்துக்கு வருவோம். எக்ஸ்ரே பார்க்காமல் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. வயதால் வரும் தேய்மானமாக இருக்கலாம், வாத நோயாகவும் இருக்கலாம். ஆனால் பாலக்கோடு, 63 வயது, பல வருஷமாக அண்ணாந்து பார்க்க முடியவில்லை என்று ஒருவர் எழுதினால், இந்த மாவட்டத்து டாக்டருக்கு முதலில் தோன்றுவது ஃப்ளோரைடுதான். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரியின் பல போர்வெல்களில் அதைத் தாண்டியே இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. உங்கள் அம்மா வயதுக்காரர்களோ சின்ன வயதிலிருந்து போர்வெல், கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். எலும்பில் சேர்ந்தது சேர்ந்ததுதான்.

பல்லில் காவிக் கறை எல்லோருக்கும் தெரியும். எலும்பில் நடப்பது வெளியே தெரியாது. முதுகெலும்பின் கட்டைகளை இணைக்கும் தசைநார்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகும். கழுத்தும் முதுகும் வளையாத மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் இதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இப்படிப்பட்டவர்களைத் தியேட்டர் டேபிளில் மல்லாக்கப் படுக்க வைத்தால் சில சமயம் பின்னந்தலை டேபிளைத் தொடாது. கூன் விழுந்த முதுகு கீழே, தலை நாலு விரல் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். விவரம் தெரியாதவர் நெற்றியில் கை வைத்து அமுக்குவார். அது கூடவே கூடாது. தலை எங்கே நிற்கிறதோ அந்த இடைவெளியைத் தலையணையாலும் துணியாலும் நிரப்பி, தலை தானாக வந்து உட்காரும்படி செய்ய வேண்டும். கழுத்து எலும்புகளுக்குள் தண்டுவடம் ஓடும் பாதையும் இதில் குறுகியிருக்கலாம். மயக்கத்தில் தசைகள் தளர்ந்திருக்கும்போது, முழிப்பில் போகாத கழுத்தைப் பலவந்தமாகச் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. டாக்டர் எக்ஸ்ரே கேட்டது இதற்குத்தான். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் கேட்பார்.

வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னதும் இதே கணக்குதான். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத் தரம் பிரிக்கிற முறை அது. ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மல்லம்பாட்டி என்ற மயக்கவியல் மருத்துவர் 1985-ல் எழுதியது. உலகம் முழுக்க அவர் பெயரிலேயே வழங்குகிறது. வாய் எத்தனை விரல் திறக்கிறது, தாடைக்கும் குரல்வளை முடிச்சுக்கும் இடையே மூன்று விரல் இடம் இருக்கிறதா என்பதையும் அவர் பார்த்திருப்பார்.

முழிப்பாக இருக்கும்போதே குழாயா என்று அம்மா பயப்படுவது நியாயம்தான். கேட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் நடப்பது என்னவென்றால், மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் மரத்துப்போகும் மருந்தைச் சொட்டாகவும் ஸ்பிரேயாகவும் கொடுப்பார்கள். கசக்கும், கண்ணில் தண்ணீர் வரும், ஒன்றிரண்டு தடவை இருமல் வரும். லேசாகத் தூக்கக் கலக்கத்துக்கும் மருந்து உண்டு. பிறகு நுனியில் கேமரா உள்ள, வளைந்து கொடுக்கும் மெல்லிய ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பை மெதுவாக உள்ளே விட்டு, அதன்மேல் குழாயைச் சறுக்கி இறக்குவார்கள். கழுத்தை வளைக்கவே வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே செய்யலாம். இதில் மிகப் பெரிய பாதுகாப்பு என்னவென்றால், அந்த நேரம் முழுக்க அம்மாவே மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். குழாய் சரியான இடத்தில் நின்றது உறுதியானதும் மயக்க மருந்து ஏறும். இது ஒன்றும் தண்டனை இல்லை. எனக்கு அப்படிப்பட்ட கழுத்து இருந்தால் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அதே சமயம், முழிப்பில்தான் போட வேண்டும் என்று இன்னும் முடிவாகவில்லை என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். "வேண்டி வரலாம்" என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வாய் நன்றாகத் திறக்கிறது, கழுத்து ஓரளவு போகிறது என்றால் வீடியோ லாரிங்கோஸ்கோப் போதும் என்று முடிவெடுக்கலாம். அதில் அலகின் நுனியருகே கேமரா இருப்பதால் நேர்க்கோட்டுப் பார்வை தேவையில்லை, திரையில் தெரியும். கழுத்தை அவ்வளவு சாய்க்க வேண்டியதும் இல்லை.

முதுகில் ஊசி கேட்டிருந்தீர்கள். பித்தப்பை லேப்ராஸ்கோப்பியை அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வாயு நிரப்பினால் தோள்பட்டை வலியும் மூச்சுத் திணறலும் வரும் என்பதால் முழு மயக்கத்தைத்தான் பெரும்பாலோர் விரும்புகிறோம். உங்கள் அம்மா விஷயத்தில் கூடுதலாக ஒன்று. கழுத்தை இறுக்கிய அதே கோளாறு இடுப்பு முதுகெலும்பையும் இறுக்கியிருந்தால் ஊசி நுழையவே இடம் கிடைக்காமல் போகலாம். பாதியில் ஊசி பலிக்கவில்லை என்றால் அவசர அவசரமாகக் குழாய்தான் போட வேண்டும். கழுத்துச் சிக்கலுக்குத் தயாராகாமல் முதுகு ஊசியை நம்பிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

சித்தியைப் பற்றி: நான் பார்க்காத சிகிச்சையில் யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கழுத்து வலி பல காரணத்தால் வரும். குழாய் போடும் ஒரு நிமிடத்தைவிட, அதன்பின் ஒன்றிரண்டு மணி நேரம் தலை ஒரு பக்கம் திரும்பியபடியே தலையணை இல்லாமல் கிடந்தால் அதிகம் வலிக்கும். குழாய் போடுவதற்காகக் கொடுக்கும் ஒருவகைத் தசைத் தளர்வு மருந்தாலேயே கழுத்தும் தோளும் இரண்டு மூன்று நாள் அடித்துப் போட்ட மாதிரி வலிப்பதும் உண்டு. பல்லைப் பொறுத்தவரை, ஃப்ளோரைடு பாதித்த பல்லின் மேற்பூச்சு குழி விழுந்து எளிதில் பெயர்ந்துவிடும். கழுத்து சாயாதபோது அலகு மேல் முன்பல்லில் சாய்ந்துகொள்ள வாய்ப்பு அதிகம். இந்த ஊரில் இரண்டு சிக்கலும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன. சித்தி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குழாய் போடச் சிரமமாக இருந்ததா, என்ன கருவியால் போட்டார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் அந்தத் தாள் எக்ஸ்ரேயைவிடப் பெரிய உதவி.

அம்மாவை அடுத்த முறை அழைத்துப் போகும்போது டாக்டர் கேட்காவிட்டாலும் சில விஷயங்களை நீங்களே சொல்லுங்கள். வீட்டில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், மல்லாக்கப் படுக்க முடிகிறதா, குறட்டை உண்டா? கழுத்தை அசைக்கும்போது கை விரல்களில் மதமதப்பு, ஊசி குத்துகிற உணர்வு, கால் தள்ளாட்டம் ஏதாவது வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் யாரும் அம்மாவின் தலையைப் பிடித்துச் சாய்க்க வேண்டாம். நாட்டு வைத்தியர், மசாஜ் என்று கழுத்தைச் சொடுக்கு எடுக்கவும் வேண்டாம். ஆடுகிற பல், கட்டிய பல், கழற்றி மாட்டும் பல்செட், எல்லாவற்றையும் காட்டுங்கள். மூக்குத்தி இறுகிப்போயிருந்தால் முன்தினமே தட்டாரிடம் போய்க் கழற்றிவிடுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போடுவதாக இருந்தால் அது நிச்சயம் இடைஞ்சல்.

இன்னொன்று, பலர் கண்டுகொள்ளாதது: கொண்டை. ஆபரேஷன் என்றால் தலையை வாரி இறுக்கமாகக் கொண்டை போட்டு அனுப்புகிறார்கள். பின்னந்தலையில் ஒரு முடிச்சு உருண்டால் தலை நடுவில் நிற்காது, பக்கவாட்டில் சரியும். பார்த்துப் பார்த்து அமைத்த தலையணை உயரம் வீண். இரண்டு சடையாகப் பின்னி முன்பக்கம் விடுங்கள், கிளிப்பும் ஊக்கும் வேண்டாம். அப்புறம், அன்று விடியற்காலையில் கூழ்தானே, தண்ணி மாதிரிதானே என்று ராகிக் கூழ் கொடுத்துவிடாதீர்கள். கூழும் பால் டீயும் சாப்பாட்டுக் கணக்கு. 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பரவாயில்லை, டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரையில்.

ஆபரேஷனே வேண்டாம் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால், வலி வந்துபோன பித்தப்பைக் கல் சும்மா இருப்பது அரிது என்று எடுத்துச் சொல்லுங்கள். காய்ச்சலோடு வலி, கண் மஞ்சள், விடாத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இந்தக் கழுத்தோடு நள்ளிரவில், காய்ச்சலில், அவசரமாகக் குழாய் போடுவதுதான் நான் உண்மையிலேயே பயப்படுகிற சூழ்நிலை. பகலில், எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு செய்வது அப்படியல்ல.

ஆஸ்பத்திரியை மாற்றுவது பற்றி ஒரே ஒரு விதிவிலக்கு. அந்த டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்: ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் இங்கே இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே போகலாம்? இப்படிக் கேட்பதை எந்த நல்ல டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இங்கே இல்லை, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சேலத்துக்கோ போங்கள் என்றால், அவர் கைப்பட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கழுத்து எவ்வளவு சாய்கிறது, வாய் எவ்வளவு திறக்கிறது, அவர் என்ன யோசித்தார் என்று அதில் இருக்கட்டும். எக்ஸ்ரே படத்தையும் மடக்காமல் எடுத்துப் போங்கள்.